கிள்ளானிலிருந்து கேமரன் மலை வரை ஒரே ஸ்கூட்டர்: 250 சிசி போதுமா?

கேள்வி இதுதான். கிள்ளானில் வீடு, கோலாலம்பூரில் வேலை. தினமும் போக வர எழுபது கிலோமீட்டர், இப்போது ஓட்டுவது ஒரு கப்சாய், அதாவது சின்ன கியர் மோட்டார் சைக்கிள். முதுகு வலி, மழை, காற்று எல்லாம் சேர்ந்து மேக்ஸி ஸ்கூட்டர் என்கிற பெரிய வகை ஸ்கூட்டர் வாங்கலாமா என்ற யோசனை வந்திருக்கிறது. மனைவியோடு கேமரன் மலைக்கும், முடிந்தால் தாய்லாந்தின் ஹட்யாய்க்கும் போக ஆசை. ஸ்கூட்டரெல்லாம் தூரப் பயணத்துக்கு ஆகாது என்கிறார் ஒரு நண்பர். வாங்கினால் யமஹாவின் பெரிய ஸ்கூட்டர் டிமேக்ஸை வாங்கு, 250 சிசி பத்தாது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

தம்பி, பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 250 வாங்குங்கள், உங்களுக்குப் போதும். என் யமஹா எக்ஸ்மேக்ஸ் 250 ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பகுதி நீங்கள் போகும் அதே கூட்டரசு நெடுஞ்சாலையில் ஓடியதுதான். மச்சானிடம் டிமேக்ஸ் இருக்கிறது, அதையும் நிறைய ஓட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: தினமும் ஓட்டுகிற வண்டியை எவ்வளவு வேகம் போகும் என்று மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. வீட்டு வாசலில் இறங்கும்போது உடம்பில் எவ்வளவு தெம்பு மிச்சம் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேக்ஸி ஸ்கூட்டரில் நல்லது என்று நான் சொல்லப்போவதும், கெட்டது என்று சொல்லப்போவதும் இந்தக் களைப்புக் கணக்கில்தான் வரும்.

கப்சாயில் நூறு கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்று நேராக நெஞ்சில் அடிக்கும். அதைத் தாங்க நாம் தெரியாமலே கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கிறோம். தோளும் கழுத்தும் வலிப்பதற்கு முக்கியக் காரணம் அதுதான். மேக்ஸி ஸ்கூட்டரின் கண்ணாடித் தடுப்பு அந்தக் காற்றை நெஞ்சுக்கு மேலே தள்ளிவிடும். கால்களை முன்னால் நீட்டலாம், மடக்கலாம், ஒரு மணி நேரத்தில் பத்து முறை மாற்றி வைக்கலாம். பெரிய பைக்கில் இந்த வசதி கிடையாது. ஈப்போ வரை இருநூறு கிலோமீட்டர் ஓட்டி இறங்கினால் கால் மரத்துப் போயிருக்காது.

ஆனால் கண்ணாடி எவ்வளவு உயரமோ அவ்வளவு நல்லது என்று நினைக்காதீர்கள். உங்கள் உயரத்துக்குப் பொருந்தாத கண்ணாடி காற்றைச் சரியாக ஹெல்மெட்டின் மேல் கொண்டுவந்து விடும். தலை ஆடிக்கொண்டே இருக்கும், இரைச்சல் காதைப் பிளக்கும். எக்ஸ்மேக்ஸில் கண்ணாடியை இரண்டு உயரங்களில் மாட்டலாம். இரண்டிலும் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அதற்கு அப்புறம் வெளியில் விற்கும் வேறு தடுப்புக் கண்ணாடி வாங்குவதைப் பற்றி யோசியுங்கள். நான் அவசரப்பட்டு உயரமான கண்ணாடி ஒன்று போட்டு, மூன்று மாதம் தலைவலியோடு ஓட்டிய பிறகுதான் பழையதைத் திரும்ப மாட்டினேன்.

மழையைப் பற்றி நம் ஊரில் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. சாயங்காலம் வேலை முடியும் நேரத்துக்குச் சரியாக ஊற்றும். முழங்காலிலிருந்து கீழே முன்பக்கத் தடுப்பு நன்றாகக் காப்பாற்றும், ஆனால் மழைக்கோட்டு இல்லாமல் முடியாது. அதை எப்போதும் சீட்டுக்கு அடியிலேயே வைத்திருங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன்: மழை வந்தால் பாலத்துக்கு அடியில் கும்பலாக நிற்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். பின்னால் வருகிற லாரிக்கு அந்த இருட்டில் ஒன்றுமே தெரியாது. மோட்டார் சைக்கிளுக்கென்று கட்டிய ஒதுங்குமிடங்களில் நில்லுங்கள், இல்லையென்றால் மழைக்கோட்டோடு மெதுவாகப் போய்க்கொண்டே இருங்கள்.

கூட்டரசு நெடுஞ்சாலையின் மோட்டார் பாதை 1970களில் போட்டது. அந்தக் காலத்துச் சின்ன வண்டிகளுக்கு ஏற்ற அகலமும் வளைவும்தான் இன்றைக்கும். சுரங்க வழிகளில் வெளிச்சம் சட்டென்று போய்விடும், எதிர்பாராத இடத்தில் மணல் கிடக்கும், தண்ணீர் தேங்கும். 120 கிலோவுக்குள் இருக்கும் கப்சாயைக் கடைசி நொடியில் ஒடித்துத் திருப்பிப் பழகிய கைக்கு, 180 கிலோ எடையுள்ள ஸ்கூட்டர் அப்படித் திரும்பாது. அதன் சக்கரங்களும் நீளமும் நேராக ஓடுவதற்கென்று அமைந்தவை. முதல் மாதம் அந்தப் பாதையில் எழுபதுக்கு மேல் போகாமல் இருந்தால் நல்லது. ஒரு பக்கக் கண்ணாடியிலிருந்து மறுபக்கக் கண்ணாடி வரை வண்டி எவ்வளவு அகலம் என்பது உடம்புக்குப் பழக அவ்வளவு நாள் ஆகும்.

குழியும் அப்படித்தான். எக்ஸ்மேக்ஸில் முன்சக்கரம் 15 அங்குலம், பின்சக்கரம் 14. கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் உருண்டு தாண்டிவிடும் பள்ளத்தில் இது இறங்கி ஏறும். அதோடு இன்னொரு விஷயம். இந்த வகை ஸ்கூட்டரில் இன்ஜினும், சக்கரத்தைச் சுழற்றும் பெல்ட் இருக்கும் பெட்டியும் ஒரே கட்டாகப் பின்சக்கரத்தோடு சேர்ந்து மேலும் கீழும் ஆடும். அவ்வளவு எடை சக்கரத்தோடு சேர்ந்து துள்ளுவதால்தான் பின்பக்கம் இடிக்கிறது. டிமேக்ஸ் இந்த இடத்தில்தான் வேறு சாதி வண்டி. 2001இல் வந்த முதல் மாடலிலிருந்தே அதன் இரட்டை சிலிண்டர் இன்ஜினை வண்டியின் சட்டத்தில் பொருத்தி, பின்சக்கரத்தைத் தாங்கத் தனிக் கை (ஸ்விங்ஆர்ம்) கொடுத்திருக்கிறார்கள். ஸ்கூட்டர் உருவத்தில் இருக்கும் பைக் என்று அதைச் சொல்வது சரிதான். முன்னும் பின்னும் 15 அங்குலம். மச்சானின் வண்டியில் வளைவுக்குள் நுழையும்போது கிடைக்கும் நம்பிக்கை என் வண்டியில் இல்லை, அதை ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு ஏன் உங்களுக்கு 250 என்கிறேன்? டிமேக்ஸ் 560இன் எடை 220 கிலோவை ஒட்டி வரும். விலை நம் நாட்டில் சுமார் மூன்று மடங்கு. 250 சிசிக்கு மேல் போனால் உங்கள் பி2 லைசன்ஸ் செல்லாது, பெரிய லைசன்ஸ் எடுக்க வேண்டும். பல நாடுகளில் 300ஆக விற்கும் எக்ஸ்மேக்ஸ் இங்கே 250ஆக வருவதால் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். கிம்கோவின் டவுன்டவுன் ஸ்கூட்டரை வைத்து நம் நாட்டு மொடனாஸ் நிறுவனம் கொண்டுவந்த எலெகனும் அதே 250தான். இன்னொன்று, பலர் கடைக்குப் போகும்வரை இதைக் கவனிப்பதில்லை: எக்ஸ்மேக்ஸ் சீட்டுக்கு அடியில் முழுமுகம் மூடும் ஹெல்மெட் இரண்டு வைக்கலாம், டிமேக்ஸில் ஒன்றுதான் போகும். தினமும் வேலைக்குப் போகிறவருக்கு அந்த இடம் பெரிய விஷயம். என் வண்டியில் மதியச் சாப்பாடு, மழைக்கோட்டு, மடிக்கணினி, வரும் வழியில் வாங்கும் காய்கறி எல்லாமே அதற்குள்தான். அடியில் இன்ஜின் சூடு ஏறும் என்பதால் மருந்து மாத்திரையும் சாக்லேட்டும் மட்டும் வைக்காதீர்கள்.

வேகம் பத்துமா என்றால், வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் சட்டப்படி 110. அந்த வேகத்தில் 250 நாள் முழுக்க ஓடும், இன்ஜின் திணறாது. இரண்டு பேரும் பெட்டியும் இருக்கும்போது ஏற்றத்தில் லாரியை முந்துவதற்குத்தான் பொறுமை வேண்டும். ஆக்ஸிலரேட்டரை முழுக்க முறுக்கினாலும் உடனே பாயாது. முன்னால் இடம் தெரிந்த பிறகு வெளியே வரும் பழக்கம் இருந்தால் இது ஒரு குறையே இல்லை.

இனி மெதுவான வேகம். மேக்ஸி ஸ்கூட்டர் கீழே விழுவதெல்லாம் பெரும்பாலும் இங்கேதான்: கார் நிறுத்துமிடம், பெட்ரோல் நிலையத் திருப்பம், டோல் ஓரம். கிளட்ச் லீவர் இல்லை. வேகம் நடை அளவுக்கு இறங்கினால் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாகவே பிடியை விட்டுவிடும். அந்த நொடியில் வண்டி சும்மா உருளும், நிதானம் போய்விடும். புதிதாக ஓட்டுபவர் பயந்து முன் பிரேக்கை அழுத்துவார், கைப்பிடி திரும்பியிருக்கும், வண்டி அப்படியே படுத்துவிடும். வாங்கிய இரண்டாவது வாரம் பந்தாய் டாலாமில் நான் அப்படித்தான் விழுந்தேன். முழங்கால் சிராய்ப்போடு போனது.

இதற்கு மருந்து இடது கையில் இருக்கிறது. ஸ்கூட்டரில் பின் பிரேக் இடது கைக்கு. மெதுவாகத் திரும்பும்போது வலது கையில் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் திறந்தே வைத்து, இடது கையால் பின் பிரேக்கை லேசாகப் பிடித்தபடி போக வேண்டும். கிளட்ச் பிடித்தபடியே இருக்கும், வேகத்தைப் பின் பிரேக் பார்த்துக்கொள்ளும், வண்டி கயிற்றில் கட்டியதுபோல் நேர்த்தியாகத் திரும்பும். முன் பிரேக்கை அங்கே தொடவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான கார் நிறுத்துமிடத்தில் எட்டு வடிவத்தில் ஒரு மணி நேரம் சுற்றிப் பழகுங்கள். மூன்று ஞாயிறு போதும். டேங்க் காலடியிலும் இன்ஜின் தாழ்வாகவும் இருப்பதால் எடை முழுக்கக் கீழேதான் இருக்கிறது. பழகிவிட்டால் 180 கிலோ என்பதே மறந்துபோகும்.

கேமரன் மலைக்கு வருவோம். தாப்பா வழியும் இருக்கிறது, சிம்பாங் பூலாய் வழியும் இருக்கிறது. மனைவியோடு முதல் பயணம் என்றால் சிம்பாங் பூலாய் வழியாக ஏறுங்கள். சாலை அகலம், வளைவுகள் பெரியவை. தாப்பா பழைய பாதை, லத்தா இஸ்கண்டார் அருவியைத் தாண்டி ரிங்லெட் வரைக்கும் வளைந்து வளைந்தே போகும், எதிரே காய்கறி லாரி வரும். அழகு என்று பார்த்தால் தாப்பாதான். என் பாட்டி அந்தத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர், அதனால் எனக்கு அந்த வழிமேல் தனிப் பாசம். ஆனால் அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏறுவது சுலபம். கியர் மாற்ற வேண்டியதில்லை, சிவிடி என்கிற தானியங்கி பெல்ட் அமைப்பு தானே பார்த்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று: ஏற்றத்தில் வாகன நெரிசலில் நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் முறுக்கி வண்டியைப் பிடித்து நிறுத்தாதீர்கள். கிளட்ச் வழுக்கிக்கொண்டே சூடாகும், கருகும் வாசனை வரும். பிரேக்கைப் பிடித்து நில்லுங்கள்.

இறங்குவதுதான் பாடம். கியர் பைக்கில் இரண்டாம் கியரில் போட்டால் இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். மேக்ஸி ஸ்கூட்டரில் அந்தப் பிடி குறைவு, வேகம் மிகவும் குறைந்தால் சுத்தமாகவே இல்லை. கொண்டை ஊசி வளைவில் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு மெதுவாக வந்தால் கிளட்ச் விட்டுவிடும், பின்னால் மனைவியின் எடையும் சேர்ந்து வண்டி உருள ஆரம்பிக்கும். எனவே வளைவுக்கு முன்னால் நேர்ச்சாலையிலேயே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள். வளைவுக்குள் ஆக்ஸிலரேட்டர் ஒரு மயிரிழை திறந்திருக்கட்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே இறங்காதீர்கள், பிடித்து விட்டு, பிடித்து விட்டு இறங்குங்கள். லீவர் வழக்கத்தைவிட உள்ளே போவதுபோல் தோன்றினால், அல்லது வாசனை வந்தால், ஓரமாக நிறுத்தி கால் மணி நேரம் ஆறவிடுங்கள். இதற்காக வெட்கப்பட வேண்டாம்.

இந்த வண்டியின் செலவு எங்கே இருக்கிறது என்றால் பெல்டிங்கில், அதாவது பின்சக்கரத்தை ஓட்டும் அந்த பெல்ட்டில். எக்ஸ்மேக்ஸில் 20,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், மீட்டரிலேயே விளக்கு வந்து நினைவூட்டும். உங்கள் ஓட்டத்துக்கு அது ஒன்றேகால் வருடத்தில் வந்துவிடும். மாற்றும்போது பெல்ட் பெட்டிக்குள் இருக்கும் ரோலரையும் பார்க்கச் சொல்லுங்கள், உருண்டையாக இருப்பது ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றுங்கள். கிளம்பும்போது வண்டி கிரெடெக் அடிக்கிறது என்று பையன்கள் சொல்வார்களே, அந்த நடுக்கம் பெரும்பாலும் கிளட்சில் சேர்ந்த தூசியாலோ கிளட்ச் தேய்ந்ததாலோ வருவது. பெல்ட் பெட்டிக்கென்று தனியாகக் காற்று வடிகட்டி ஒன்று உண்டு, பலர் அதைத் திறந்து பார்ப்பதே இல்லை. அதைச் சுத்தமாக வைத்திருந்தால் பெல்டிங் குளிர்ச்சியாக ஓடும். இன்ஜின் எண்ணெய் மாற்றும்போது பின்பக்க கியர் எண்ணெயையும் கேளுங்கள்.

பெல்டிங்கை மட்டும் மலிவாக வாங்காதீர்கள். ஒருமுறை ஒரு பட்டறையில் இதுவும் அதேதான் என்று சொல்லி வேறு பெல்டிங் போட்டுவிட்டார்கள். ஒன்பதாயிரம் கிலோமீட்டரில் தஞ்சோங் மாலிமுக்கு முன்னால் அறுந்தது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது, வண்டி நகரவில்லை. சங்கிலி அறுந்தால்கூட வழியில் ஒட்டிவிடலாம், பெல்டிங் அறுந்தால் லாரியில் ஏற்றுவதைத் தவிர வழியில்லை. ராத்திரி பத்து மணிக்கு, மனைவியோடு, அவசரத் தடத்தின் ஓரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தோம். அன்றிலிருந்து தூரப் பயணத்துக்கு முன்னால் பெல்டிங் பதினைந்தாயிரத்தைத் தாண்டியிருந்தால் நான் மாற்றிவிட்டுத்தான் கிளம்புவேன்.

பெட்ரோல் கணக்கு எளிது. டேங்க் 13 லிட்டர், நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 28 முதல் 32 கிலோமீட்டர் எனக்குக் கிடைக்கிறது. முந்நூறு தாண்டியதும் நிலையத்தைத் தேடுவேன். மேற்குக் கரையில் இது கவலையே இல்லை. பின்னாளில் கெரிக்கிலிருந்து ஜெலிக்குக் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் போனால் மட்டும் கெரிக்கிலேயே டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் காடு, பனிமூட்டம், யானை கடக்கும் சாலை. இருட்டிய பிறகு அந்த வழியில் போகவே வேண்டாம்.

ஹட்யாய்க்கு புக்கிட் காயு ஹீத்தாம் வழியாகப் போவீர்கள். வண்டி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கிராண்ட் (வண்டியின் உரிமைச் சான்று) கையில் இருக்க வேண்டும், கடன் இருந்தால் கடன் கொடுத்தவரிடம் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். தாய்லாந்துக்கான காப்புறுதி தனி, எல்லைக்கு முன்னால் உள்ள கடைகளில் எடுத்துத் தருவார்கள். கோலாலம்பூரிலிருந்து எல்லை வரை ஒரே மூச்சில் போக வேண்டாம். நூறு கிலோமீட்டருக்கு ஒரு முறை இறங்குங்கள், இரவு பட்டர்வொர்த்தில் தங்கிவிட்டு விடியற்காலையில் எல்லையைத் தாண்டுங்கள். களைப்பு முதலில் வருவது பின்னால் உட்காருபவருக்குத்தான். முதுகு சாய ஒரு பின்பெட்டியும் அதில் ஒரு மெத்தையும் போட்டால் மனைவி அடுத்த பயணத்துக்குத் தானே நாள் குறிப்பார். அந்தப் பெட்டியில் கனமானதை மட்டும் அடைக்காதீர்கள், பின்சக்கரத்துக்கும் பின்னால் எடை சேர்ந்தால் நூறுக்கு மேல் கைப்பிடி ஆட ஆரம்பிக்கும். கனமானது சீட்டுக்கு அடியில், லேசானது பெட்டியில். டயர் காற்றையும் இரண்டு பேருக்கான அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், அளவு வண்டியிலேயே ஒட்டியிருக்கும்.

கடைசியாக உயரம். சீட் 795 மில்லிமீட்டர் என்று எழுதியிருப்பதைப் பார்த்துச் சரி என்று நினைக்காதீர்கள். சீட்டும் நடுவில் இருக்கும் மேடும் அகலம், கால் விரிந்துதான் கீழே இறங்கும். அதனால் அதே உயரமுள்ள பைக்கைவிட ஸ்கூட்டரில் தரை இன்னும் தூரமாகத் தெரியும். கடைக்குப் போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள், தினமும் போடுகிற காலணியோடு போங்கள். அவரைப் பின்னால் ஏற்றி உட்கார்ந்து பாருங்கள், நடு ஸ்டாண்டில் நீங்களே ஏற்றி இறக்கிப் பாருங்கள், உட்கார்ந்தபடியே வண்டியைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். இந்த மூன்றும் சிரமமில்லாமல் வந்தால் பணத்தைக் கட்டலாம். பக்கத்தில் இருந்தாலே வண்டியைக் கிளப்ப விடும் ஸ்மார்ட் சாவி கையில் வந்ததும் அதைச் சட்டைப் பையில் வைத்துப் பழகுங்கள். சீட்டுக்கு அடியில் போட்டு மூடிவிட்டால், நட்ட நடு வெயிலில் வீட்டிலிருந்து இன்னொரு சாவி வரும்வரை காத்திருக்க வேண்டி வரலாம்.